அப்பாவின் முறை

எங்கள் பக்கத்தில் ஒருவரை அவமானப்படுத்துவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் செய்வார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அதில் கைதேர்ந்தவர். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் இருந்தன. அந்தக் களத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என் அப்பா. தங்கை வீட்டுக்காரர் என்பதால், மூட்டை தூக்கச் சொல்லும்போதுகூட மாமா அவரை ‘மாப்ள, வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். அப்பா மேல் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நான் ஐந்தாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் கறிவிருந்து. மாமா புதிதாக ஏர் கன் வாங்கியிருந்தார். தேங்காய்த் தொட்டிகளை, அதாவது கொட்டாங்குச்சிகளை, கிணற்று மேட்டில் வரிசையாக வைத்து ஆளாளுக்குச் சுட்டோம். துப்பாக்கியை மடக்கி, உளுந்தளவு குண்டைப் போட்டு, கையில் கொடுப்பது மாமா. வேறு யாரையும் அந்த வேலைக்கு விடவில்லை. விழுந்த தொட்டிகளை ஓடி ஓடி எடுத்து வைப்பது அப்பா. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, தானாகவே அவர் தலையில் விழுந்திருந்தது.

என் முதல் குண்டு எங்கேயோ போனது. இரண்டாவதில் ஒரு தொட்டி எகிறி விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவும் சுட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார்.

“பாப்பா ஆசப்படுதல்லங்க மாப்ள, சும்மா சுடுங்க,” என்றார் மாமா.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் குறி பார்த்தார். டப்பென்று சத்தம் வந்தது. தொட்டி அசையவில்லை. மாமா துப்பாக்கியை வாங்கி மறுபடி மடக்கிக் கொடுத்தார். அதுவும் போச்சு. மூன்றாவது தடவை அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா பையன் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்குக் கண்ணாடி போடவேண்டும் போலிருக்கிறது என்று மாமா சொன்னதற்கு அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், ஒரு தொட்டியைக்கூடச் சுடத் தெரியாதா என்று கேட்டேவிட்டேன்.

“குண்டு போட்டாத்தானே கண்ணு படும்,” என்றார் அப்பா. “வெறும் துப்பாக்கியத்தான் உங்க மாமன் குடுத்தாரு. மொதவாட்டியே சத்தத்துல தெரிஞ்சுபோச்சு.”

அப்புறம் எதற்கு இன்னும் இரண்டு தடவை சுட்டீர்கள், அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

“சொன்னா உங்க மாமனுக்குச் சங்கடமாப் போயிருமல்ல.”

ஏமாற்றியவருக்கு என்ன சங்கடம் வேண்டிக்கிடக்கிறது? எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதே மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்று எழுந்தேன். அம்மா போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“காலைல அப்பா களத்துக்குப் போகோணும். பேசாம இரு,” என்றாள்.

அப்பா களத்துக்குப் போவதற்கும் நான் பேசாமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.