லனெல்லியா, லானலியா?

யுத்த காலம். திண்டிவனத்தில் நான் ஏறிய ரயில் விழுப்புரத்தில் அரை மணி நேரம் நிற்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த மரியம்மா, பிளாட்பாரத்தில் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டுகிறார். கப்பல் வேலைக்குப் போன அவருடைய கணவர் வேல்ஸ் நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். எழுதியவள் அங்குள்ள நர்ஸ்.

"ஊரு பேரை மட்டும் சொல்லுங்க ஐயா. மாதா கோயில் பூசையில அந்தப் பேரைச் சொல்லி வேண்டிக்கணும். தப்பா சொன்னா வேண்டுதல் வேற ஊருக்குப் போயிடுமே!"

நான் இங்கிலீஷ் வாத்தியார். ஆனாலும் ஊர்ப் பெயரின் தொடக்கத்திலேயே இரண்டு 'எல்' நின்று மிரட்டுகிறது. "லனெல்லி" என்கிறேன். பிறகு "லானலி" என்கிறேன்.

"ரெண்டுல எதுங்க?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாயிடம் கடிதத்தைக் காட்டுகிறேன். அவனும் அந்த வேல்ஸ் நாட்டுக்காரன்தான். நாக்கை மேலே ஒட்டி, இரு பக்கமும் காற்றை ஊதிச் சொல்கிறான். ஊர்ப் பெயரா, சீறலா? மூன்று முறை சொல்லிப் பார்க்கிறேன். மூன்று முறையும் இல்லை என்கிறான்.

மரியம்மா அவன் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, ஒரே முறை சொல்கிறார். சிப்பாய் டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுகிறான்.

"எப்படிம்மா சொன்னீங்க?"

"பேச வெக்காதீங்க ஐயா, மறந்துடும். சொல்லிக்கினே போறேன்."

வண்டி கிளம்புகிறது. எதிரே அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. குனிந்து கேட்கிறேன். என் காதில் வெறும் காற்றுதான் விழுகிறது.