இறக்கினார்களா, விலகினாரா?

பம்பாய் மாட்டுங்காவில் தமிழ் டைப்ரைட்டர் வைத்துப் பிழைப்பவனுக்குக் கட்சி கிடையாது. ஆனால் எந்தச் சங்கத்தில் யாரைப் பதவியிலிருந்து இறக்குகிறார்கள் என்பது, இறங்கப்போகிறவருக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். அறுபதுகளில் எனக்கு அதுதான் வேலை. பிறர் சண்டையைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்த தட்டச்சு நண்பர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

நோகாத சொல்

செம்பூர் காலனிச் சங்கம் தன் செயலாளரை மாற்றியது. எல்லோரும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். "நீக்கப்பட்டார்" என்றால் முகத்திலடித்தாற்போல் இருக்குமாம். "பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்று அடிக்கச் சொன்னார்கள். மறுநாள் அந்தச் செயலாளரே காகிதத்தோடு என்னிடம் வந்து நின்றார்.

"விடுவிச்சோம்னு போட்டிருக்கேளே, நான் என்ன ஜெயில்லயா இருந்தேன்?"

காரம் போதாத சொல்

தாராவியில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் நடத்திய ஊர்ச் சங்கத்துக்காரர்கள் அப்படியல்ல. தலைவர் பரமசிவம் எட்டு வருஷமாகத் தேர்தலை "அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்" என்றே தள்ளிவந்தார். பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடி அவரை இறக்கிவிட்டார்கள். அறிக்கை அடிக்க வந்தவர், குர்லா பட்டறையில் லேத் ஓட்டும் மாரியப்பன். நான் "நீக்கப்பட்டார்" என்றேன். அவருக்குக் காரம் போதவில்லை.

"வெளிய தள்ளியாச்சுங்கறத இந்தியில 'நிகால் தியா'ன்னா எப்படி ஒறைக்கி! அந்த மாதிரி ஒண்ணு தமிழ்ல அடிங்க சார்."

கையெழுத்து

"தூக்கியெறியப்பட்டார்" என்று அடித்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தலைவர் கையெழுத்தில்லாத அறிக்கை செல்லாது என்பது சங்க விதி. புதுத் தலைவரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆக, தன்னைத் தூக்கியெறிந்த காகிதத்தில் பரமசிவமே கையெழுத்துப் போடவேண்டும்! மாரியப்பன் ஆளனுப்பி அவரை என்னிடமே வரவழைத்தார்.

அவர் படித்தார். கத்தவில்லை. சங்க அறிக்கையின் நகல் சொந்த ஊருக்குப் போகும், அங்கே கோயில் கூட்டத்தில் வாசிப்பார்கள், அது வழக்கம். அதே ஊரில்தான் அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். "நான் எறங்கிக்கிடுதேன். ஆனா இத வாசிச்சா, என்னத்தக் களவாண்டானோன்னுல்லா மாப்பிள வீட்டுல கேப்பாவ?" என்றார்.

மாரியப்பன் காகிதத்தை வாங்கிக் கிழித்தார். "அவ எங்களுக்கும் பிள்ளதான" என்று முணுமுணுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தாமாக விலகிக்கொண்டார்" என்று அடித்துக் கொடுத்தேன். பரமசிவம் உடனே பேனாவைத் திறந்தார். அப்பாடா என்று நான் நாற்காலியில் சாயும்போது, மாரியப்பன் அவர் கையைப் பிடித்தார்.

"பேருக்குக் கீழ தலைவர்னு போடுங்க அண்ணாச்சி, இல்லன்னா நீங்க வெலகுனது செல்லாது."

பதவியிலிருந்து ஒருவரை இறக்கத் தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. இறங்குகிறவரே பேனாவைத் திறக்கும்படியான சொல் எது என்றுதான் அதன்பிறகு நான் முதலில் தேடினேன்.