தாங்கி காய்ந்த கார்

பெற்றோலுக்கு இலங்கையே வரிசையில் நின்ற 2022இல், எத்தாளையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள் மபாஸா. பக்கத்து வீட்டு றிஸ்மியாவுக்குப் பிரசவ வலி கண்டபோது, காரில் பெற்றோல் அடிமட்டத்தில்தான் இருந்தது.

அவளுடைய அண்ணன் இம்தியாஸ் நானா தடுத்தார். "பெற்றோல் தாங்கிக்குள்ள இருக்கிற பம்ப், அந்தப் பெற்றோல்லதான் சூடாகாம ஓடுது. தாங்கி காஞ்சா பம்ப் கருகிப் போகும். கார எடுக்காத."

"கருகினா வேற பம்ப் போடுவம், நானா. இவள இப்படியே விடேலாது."

றிஸ்மியாவை ஏற்றிக்கொண்டு புத்தளம் போகும் வழியில், பாலாவிக்குக் கிட்ட பெற்றோல் தீர்ந்து கார் குலுங்கி நின்றது. மபாஸா நடுவீதியில் இறங்கி நின்று, வந்த லொறியை மறித்து அவளை அதில் ஏற்றினாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் றிஸ்மியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பம்ப் கருகித்தான் போனது. வேறொன்று கிடைக்கும்வரை மபாஸாவுக்குத் தொழில் இல்லை.

"நான் அப்பவே சொன்னன்," என்றார் நானா.

"ஓம், சொன்னீங்க. நாளைக்கு இன்னொருத்திக்கு வலி வந்தாலும் எடுப்பன்."