அக்காவுக்குக் கேட்ட குரல்

கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையை அக்கா பிடித்திருந்தாள். கன்னியர் நடத்திய எங்கள் பள்ளி முற்றத்தில், பாதாம் மரத்தடியில், பெண்கள் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அக்கா கயிற்றை நழுவவிட்டுச் சுவர்ப்பக்கம் நடந்துபோனாள். குதித்துக்கொண்டிருந்தவள் கால் சிக்கி விழுந்தாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவரை அந்த முற்றத்தில் சண்டைகளைத் தீர்த்துவைத்ததும், புதிதாக வந்தவர்களைக் கைபிடித்து ஆட்டத்தில் சேர்த்ததும் அவள்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் எங்கும் நிலைகொள்ளவில்லை. வகுப்பில் வேறு இடம் கேட்பாள்; கொடுத்தால் அந்த இடமும் ஆகாது. ஆசிரியையாக இருந்த கன்னியாஸ்திரீயை நாங்கள் ‘மேர்’ என்று அழைப்போம். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல எழுதவேண்டிய பாடத்தில், அவர் சொல்லாத சொற்களையெல்லாம் அக்கா எழுதிவைத்தாள். பின்வரிசைப் பெண்கள் தன்னைத் திட்டுவதாக முறையிட்டாள். அவர்கள் ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்து அழுதார்கள். மெல்ல மெல்ல அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, “எல்லாம் திமிரு” என்றார்.

அம்மா மட்டும் விடவில்லை. மாதா திருநாளன்று அக்காவின் பழைய தோழிகளை விருந்துக்கு அழைத்தார். அவர்கள் வாசலில் ஏறியதுமே அக்கா கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். வந்தவர்கள் பேச்சின்றிச் சாப்பிட்டு எழுந்துபோனார்கள். அம்மா கிணற்றடிக்குப் போனார். பின்னால் நானும் போனேன்.

“வாசல்ல நின்னு என்னைத் திட்டுறாங்க. ஒனக்குக் கேக்கலியா?” என்றாள் அக்கா.

அம்மா சற்று நேரம் காதுகொடுத்து நின்றார். “எனக்குக் கேக்கல. ஆனா ஒனக்குக் கேக்குது. நான் நம்புறேன்டி.”

அக்கா அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அந்த ஆண்டோடு அவள் படிப்பு நின்றது. அதன்பின் பகலெல்லாம் கொல்லையில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தாள்.

அவளுக்குப் பதினெட்டு நடந்தபோது காரைக்காலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா நம்பினார். ஒன்றும் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் எச்சரித்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த அம்மா, “எம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லம்மா. யாரோ பேசுற மாதிரி கேக்குதுன்றா. மறைச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல” என்றார். அவர்கள் எழுந்துபோனார்கள். அப்பா தட்டை வீசியெறிந்தார். அதன்பிறகு வெகுகாலம் அவர் அம்மாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னை எங்கியும் அனுப்ப மாட்டல்ல?”

“மாட்டேன்.”

உடனே எழுந்து, கொல்லையில் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

வெகுகாலம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் அதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார், மாத்திரைகளும் கொடுத்தார். குரல்கள் அடங்கின, நடை அடங்கவில்லை. அம்மா போய்விட்டார். அவர் கொடுத்த வாக்கு இப்போது என்னுடையது. இதை எழுதும் இந்த நேரத்திலும் கொல்லையில் அக்காவின் காலடி கேட்கிறது. அது சற்று நின்றாலும் நான் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.