எட்வின் டைப்பிங்…

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் இரண்டு காதும் அடைத்துப் போகட்டும். ராக் பாட்டுக் கேட்பவனுக்கு இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. எழுபத்திரண்டு வயதில் உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்த வரிசையில், மணியோடு சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

என் பெயர் சிவகுருநாதன். செம்பூரில் ஒரு ஹாலும் ஓர் உள்ளறையும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் விக்ரோலியில். தாராவி 90 ஃபீட் ரோட்டில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்த எட்வின் எனக்கு ஐம்பது வருஷக் கூட்டாளி. எங்களைச் சேர்த்து வைத்தது ‘அயன் மங்கூஸ்’. பாந்த்ராப் பையன்கள் நாலு பேர் நடத்திய ராக் பேண்டு. தமிழில் சொன்னால் இரும்புக் கீரிப்பிள்ளை. எங்கள் வீடுகளில் யாரும் அந்தப் பெயரை மரியாதையாகச் சொன்னதில்லை.

பேண்டு கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய பழைய கச்சேரி வீடியோக்களை எவனோ ஒரு புண்ணியவான் நெட்டில் ஏற்றிக்கொண்டே இருக்கிறான். அவற்றைத் தேடிப் பிடித்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவது என் வேலை. குரூப்பின் பெயர் ‘கீரிப்பிள்ளைகள்’. தொடங்கும்போது பதினோரு பேர். ஒரு நாளைக்கு மூன்று வீடியோ போட்டேன். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாகப் போனவன் மாட்டுங்கா அரிசிக் கடை நயினார். போவதற்கு முன் ஃபோன் செய்தான்.

“எனக்கு சுகரு இருக்கு, பிரஷரு இருக்கு. இதுல டெய்லி மூணு வாட்டி டிரம்மு வேறயா? ஆள விடுடே.”

எட்வினிடம் சொன்னேன்.

“போறவன் போட்டும்ல. நம்ம ரெண்டு பேரு போதாதா?” என்றான்.

போதும்தான். மூன்று வீடியோவை ஒன்றாகக் குறைத்தேன். மதியம் 2:30-க்கு அனுப்புவேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு 2:41-க்குப் பார்ப்பான். இரண்டு டிக்கும் நீலமாகும். பதில் எப்போதும் ஒன்றுதான். “சவுண்டு பத்தல.”

ஜூன் 19. கடையில் உட்கார்ந்தபடியே எட்வின் செத்துப்போனான். கல்லறைத் தோட்டத்தில் நல்ல மழை. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் 2:30. பழக்கத்தில் கை ஒரு வீடியோவை அனுப்பிவிட்டது. ஒற்றை டிக். சாம்பல் நிறம். அதற்கடுத்த நாளும் அனுப்பினேன். பத்து நாள், பத்து வீடியோ, பத்து ஒற்றை டிக்.

பதினோராம் நாள் அவன் வீட்டில் ஜெபக்கூட்டம். போயிருந்தேன். அவன் மனைவி ஜெபசெல்வி பிரியாணி போட்டாள். கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறை ஆணியில் மாட்டினேன்.

அன்று ஒரு முடிவு செய்தேன். கேட்க ஆளில்லாமல் பாட்டு எதற்கு? நாளைக்கு ஒரே ஒரு வீடியோ. அதுவும் ஒற்றை டிக்காகவே நின்றால் குரூப்பை அழித்துவிடுவது. அதற்குப் பிறகு எனக்கும் மங்கூஸ் வேண்டாம். அவனோடு அதுவும் போகட்டும்.

ஜூன் 30. மதியமே இருட்டிக்கொண்டு மழை. 1981-ல் ஒரு கல்லூரி மைதானத்தில் நானும் எட்வினும் நேரில் பார்த்த கச்சேரியைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நாலு நிமிஷம் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். அவனுக்கு அதுதான் உயிர்.

2:30. அனுப்பினேன்.

ஒற்றை டிக்.

2:34. ஒற்றை டிக்.

2:38. இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

2:40…

டிங்.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

டிங்… டிங்… டிங்… எண்ணினேன். பதினோரு முறை.

கையிலிருந்த ஃபோனைப் பார்த்தேன். இத்தனை நாள் ஒற்றையாய் நின்ற டிக் எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக, இரட்டை…

எழுந்தேன். உள்ளே போனேன். யாருமில்லை. நான் மட்டும்.

2:41.

நீலம்.

பிறகு டிரம்ஸ் கேட்டது. என் ஃபோனில் ஓடிய அதே டிரம்ஸ். அரை வினாடி பின்தங்கி… அதே அறையில்… எனக்கு மிகப் பக்கத்தில்.

“எட்வின் டைப்பிங்…”

நின்றது.

மறுபடியும்… “டைப்பிங்…”

என் விரல் கண்ணாடியில் வழுக்கியது.

“சவுண்டு பத்தல.”

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சவுண்டைக் கூட்டினேன்.

2:52-க்கு ஜெபசெல்விக்கு ஃபோன் செய்தேன்.

“எட்வின் ஃபோன் உன்கிட்டயா இருக்கு?”

“எங்கிட்ட ஏது அண்ணாச்சி? அந்தப் போனத்தான்…”

கட் செய்துவிட்டேன். மேற்கொண்டு கேட்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்து நயினார்.

“எட்வின் நம்பர்லேர்ந்து பதில் வந்திருக்குடே.”

“மத்தியானம் என்ன சாப்ட்ட?”

“தயிர் சாதம்.”

“தயிர் சாதத்துக்குப் பேய் வராது, தூக்கம்தான் வரும். போய்ப் படு.”

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

“நானும்லாடே மண்ணள்ளிப் போட்டேன்…” என்றான். அப்புறம், “என்னத் திரும்ப குரூப்புல சேத்துக்க. ஒரு நாள் பாத்துட்டுப் போயிருதேன்.”

சேர்த்தேன். மறுநாள் 2:30-க்கு வீடியோ. 2:41-க்குப் பதில். “சவுண்டு பத்தல.” நயினார் கண்ணாலேயே பார்த்தான். அன்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன் செய்தான்.

“இப்ப எக்சிட் ஆனா அவனுக்குத் தெரிஞ்சிரும்லா?”

“தெரியும்டே. குரூப்புல காட்டும்.”

அவன் போகவில்லை. அவன் வாய் சும்மா இருக்கிற வாயும் இல்லை. ஒரே வாரத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் குரூப்பில் மறுபடியும் பதினோரு பேர், எட்வினையும் சேர்த்து. 2:30-க்குப் போட்டால் ஒருவன் விடாமல் பார்க்கிறான். பாதியில் நிறுத்த யாருக்கும் தைரியமில்லை. இன்னொரு வீடியோ சேர்த்துப் போட்டாலும் வாயைத் திறப்பதில்லை. நேற்று நயினார் என்னையே திட்டினான். “டெய்லி அந்த மனுசன் சவுண்டு பத்தலங்காருல்லா? நல்லதாப் பாத்துப் போடுடே!”

எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் 2:41-க்கு உள்ளறையில் நிற்கும்போது பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கேஸ் புக் செய்தால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், தனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்லி, ஜெபசெல்வி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தது எட்வினின் ஃபோனை. அதற்குத் தினமும் காலையில் நான்தான் சார்ஜ் போடுகிறேன்.