அக்காள் தனக்கென்று பின்னிய போர்வை

அக்காளின் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டபோது, "ஏளா, யாரு மனசும் நோவாம எழுது" என்றும் சேர்த்துச் சொன்னார். அக்காளின் பொறுமையைப் பற்றி எழுதினால் போதுமாம். பொறுமையைப் பற்றி உறவினர்கள் நான்கு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், படித்தேன். அக்காள் மெழுகுதிரியாம், தன்னை உருக்கி நமக்கு வெளிச்சம் தந்தாராம். அந்த மெழுகுதிரியைக் கொளுத்தியது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். நோகிறவர்களுக்கு நோகட்டும்.

அக்காள் தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா தோணியைச் செலுத்தும் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று காற்றுக்குத்தான் தெரியும். அம்மா என்னைப் பெற்ற பத்தாம் நாள் கண்ணை மூடினார். அப்போது அக்காளுக்கு வயது பன்னிரண்டு. அந்த வருடமே பள்ளியை விட்டு நின்று, கன்னியாஸ்திரிகள் நடத்திய லேஸ் பின்னும் அறையில் போய் உட்கார்ந்தார். குரோஷா ஊசி அன்று கைக்கு வந்தது. கோயில் பீடத்துணிக்கு ஓரம், கலியாணப் பெண்களுக்கு முக்காடு, பிறந்த குழந்தைக்குத் தொப்பி என்று பத்தொன்பது வருடம் பின்னினார். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் ஞானஸ்நானத்தன்று போட்டிருந்த தொப்பி அக்காள் பின்னியதுதான். அவருக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை, "சின்னவ வளரட்டும், பெறவு பாக்கலாம்" என்று சொல்லி அத்தை திருப்பி அனுப்பினார். அத்தை அப்பாவின் தங்கை, அம்மா போனபின் வீட்டு அதிகாரம் அவருடையது. சின்னவள் நான்தான். வளர்ந்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை.

குனிந்தே உட்கார்ந்த உடம்பு அவருடையது. நெஞ்சில் சளி கட்டி, ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெயிலூரில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள். மழையோடு வாடைக் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது ஈரச் சுவரை ஒட்டிப் படுத்தவர்களுக்குத் தெரியும். சண்டைக் காலமாதலால் கம்பளி கிடைக்கவில்லை. கடை அண்ணாச்சி, "கம்பளி பூராவும் பட்டாளத்துக்குப் போயிட்டு தாயி" என்று கையை விரித்தார்.

சென்ற வருடம் ஆவணியில் அக்காள் ஒரு வேலையைத் தொடங்கினார். எதிர்வீட்டு அருளம்மாள் நூல் மில்லில் வேலை பார்ப்பவர். மில்லில் தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுக்கும் கழிவு நூலை மூட்டையாகக் கொண்டுவந்து தந்தார். எல்லாம் முழ நீளம், சாண் நீளம். அக்காள் அவற்றை முடிச்சுப் போட்டு நீட்டி, பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, சுண்டுவிரல் பருமனுக்கு நூலாக்கினார். லேஸ் பின்னும் ஊசி அந்தப் பருமனுக்கு ஆகாது. தோணிப் பட்டறை ஆசாரி பூவரசங்கட்டையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கொக்கி செதுக்கி, எண்ணெய் தடவி வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். அத்தனை வருடம் கண்ணுக்குத் தெரியாத கண்ணிகளைப் பின்னிய கை, இப்போது இரண்டு விரல் நுழையும் கண்ணிகளைப் போட்டது. ஒரு முடிச்சுகூட வெளியே தெரியாது, எல்லாவற்றையும் கண்ணிக்குள் ஒளித்துவிட்டார். போர்வை வளர வளர அவர் மடியிலேயே கனத்துக் கிடந்தது. புரட்டாசிப் புழுக்கத்தில் வேர்வை வடிய, முகத்தில் ஒரு சிரிப்போடு அவர் பின்னியதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அக்காள் பின்னினால் அது வேறு யாருக்கோதான் என்பது எங்கள் வீட்டில் கேட்காமலே தெரிந்த சங்கதி.

ஐப்பசியில் என் கலியாணம் நிச்சயமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கலியாணம் இல்லை என்பதால் எல்லாம் அவசரம். முந்தின நாள் பெண்ணின் பெட்டியைத் திறந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். துணித் தட்டுப்பாட்டில் பெட்டி பாதிக்குமேல் நிறையவில்லை. மாப்பிள்ளையின் ஊரான மணப்பாட்டிலிருந்து பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று. அத்தை விறுவிறுவென்று உள்ளே போய், அக்காளின் கட்டிலில் மடித்திருந்த போர்வையை எடுத்துவந்து எல்லார் முன்னும் விரித்தார்.

"பொண்ணுக்காவன்னே ஆவணிலேருந்து பின்னுதா எங்க மூத்தவ."

அக்காள் அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்தார். வாசற்படியில் நின்றார். பெண்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்து, "எம்மா, என்ன கனம்!" என்றார்கள்.

"ஆமா, கனமாத்தான் இருக்கும்" என்றார் அக்காள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அக்காளுக்கு அழ நேரம் கொடுத்தது யார்?

மணப்பாட்டில் ஒருநாள் அதை விரித்துப் போர்த்தினோம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால்வரைதான் எட்டியது. "உங்க அக்கா அளவு தப்பிப் பின்னியிருக்காவ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுவீட்டுக்கு ஊர் வந்தபோது அருளம்மாள் என்னைத் தெருவிலேயே மறித்தார். "ஏளா, அது ஒனக்குப் பின்னுனதுன்னா நெனச்ச? தனக்குன்னு பின்னுனா. கழுத்துலேருந்து காலு வரைக்கும் நான்தான் அவளுக்குக் கயிறு வெச்சு அளந்தேன். இந்த மழைக்கு மூடிப் படுக்கணும்னு சொல்லிச் சொல்லிப் பின்னுனா."

வீட்டுக்குள்ளே அக்காள் இரண்டு பழஞ்சேலைக்கு மேல் கிழிந்த பாய்மரத் துணியைப் போட்டுக்கொண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தார். மணப்பாடு போய், மறுவாரமே, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடுகிற பஸ்ஸில், போர்வையை ஓலைப்பாயில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தேன். அக்காள் அதைத் தொடவில்லை.

"ஒனக்குக் கிறுக்கா? சபைல காட்டுன சாமான். திரும்பி வந்தா ஒன் மாமியா என்ன நெனப்பா? கொண்டு போளா."

அத்தை, "மூத்தவ சொல்லுததுதான் சரி" என்றார். அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று என் பையை எடுத்தார். நான் என்ன செய்தேன்? அந்தப் போர்வையை அவர்மேல் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினேன். கார்த்திகை முடியுமுன் அக்காள் போய்விட்டார். நோய் நுரையீரலில், போர்வை காப்பாற்றியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். நடுங்காமலாவது போயிருப்பார்.

துக்க வீட்டில் அத்தை என்னிடம் வந்து, அந்தப் போர்வையை வரவழைத்துச் சவப்பெட்டிமேல் விரித்தால் நாலு பேர் அவள் கைவேலையைப் பார்ப்பார்களே என்றார். இருந்தபோது மூடாததை இறந்தபின் மூடவிடமாட்டேன் என்று நான் சத்தம் போட்டேன். என் மாமியார் பதறி வந்து, என்ன ஏது என்று கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்தப் போர்வையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பஸ்ஸுல குடுத்து விட்டிருப்பேனே. அத யாரு கேட்டா? நீங்க விரிச்சுக் காட்டுனீங்க, நல்லா இருக்குன்னோம். அது அலமாரில சும்மாத்தானே கெடக்கு!"

இதுதான் நடந்தது. யாரும் கேட்காத ஒரு பொருளை, கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, வேண்டியவளின் கட்டிலிலிருந்து எடுத்து வேண்டாதவர்களுக்குக் கொடுத்தோம். கொடுத்ததைத் திரும்ப வாங்க மானம் போகும் என்றோம். இதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். அண்ணன் இந்தப் பத்தியை அடித்தால் என் கட்டுரையே மலரில் வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நூல் சுமந்து வந்த அருளம்மாளுக்கு, கொக்கி செதுக்கிய ஆசாரிக்கு, கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கு, மழையில் நனைந்து அக்காளைச் சுமந்தவர்களுக்கு, உண்மையை உரக்கச் சொன்ன என் மாமியாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

போர்வை என்னிடம் இருக்கிறது. வாடை வீசத் தொடங்கிவிட்டது. நம் உறவில் யாருக்குக் குளிர்ந்தாலும் வாய் திறந்து கேளுங்கள், நானே கொண்டுவந்து போர்த்துகிறேன். என் மாமியார் ஒன்றும் நினைக்கமாட்டார்.