அம்மா அமுக்கிய பிரேக்

பிரேக் ஆயிலுக்கென்று ஒரு வாசனை உண்டு; விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் யாரோ மீன் கழுவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்து, இரண்டு முறையும் அதற்கு என்னைப் பிடிக்காமல் போனதால் வெளியே வந்தவன் நான். இதைவிட அழகாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலும், அங்கே ஜாக்கியின்மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நாய் மாதிரி நிற்கும் எங்கள் பழைய வெள்ளைக் காரும் கண்முன் வந்துவிடும்.

அப்பா கம்பெனியில் ஃபிட்டர். பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய கர்நாடக நம்பர் காரை வாங்கி, வார லீவு முழுக்க அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார். அந்தக் காருக்கு ஒரு கெட்ட பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்து, இட்லி மாவில் கால் வைத்த மாதிரி பெடல் உள்ளே போகும். அந்தக் காற்றை வெளியே விடுவதைத்தான் "ஏர் எடுக்கறது" என்போம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் இருக்கும் "நிப்பிள்" என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றுக் குமிழியை வெளியே விட்டு மூடவேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு ஆளும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

உத்தனப்பள்ளியில் மாமா கல்யாணத்தில், வீட்டு மாப்பிள்ளையான தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு, தாலி கட்டுவதற்கு முன்பே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் அப்பா. தம்பி பெண்டாட்டிக்கு நாத்தனார் முடிச்சு போடவேண்டியவள் அம்மா. அந்த முடிச்சை வேறு யாரோ போட்டார்கள். அன்றோடு அம்மா அப்பாவிடம் வாய் திறப்பதை நிறுத்தினாள். அப்பாவும் இறங்கி வரவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"உங்கொப்பன்கிட்ட சொல்லு, சோறு ஆறுது."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்ல."

இரண்டு பேரும் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் டெலிபோன் கம்பி. "கொழம்பு சூப்பரா இருக்குதாம்மா" என்று நானாகச் சேர்த்துவிட்டு, ஒரு அப்பளம் அதிகமாக வாங்கித் தின்றதும் உண்டு.

ஏர் எடுக்கவும் முதலில் இந்தக் கம்பியைத்தான் இழுத்தார்கள். "அமுக்கச் சொல்லுடா." "அம்மா, அமுக்கணுமாம்." "அமுக்கிட்டேன்னு சொல்லு." "அப்பா, அமுக்கிடுச்சாம்." இந்த அழகில் நான் மூக்கைச் சொறிந்துகொண்டு, எப்போது விடச் சொன்னார் என்பதைக் கோட்டைவிட்டதில், எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போயிற்று. காருக்கடியிலிருந்து அப்பா கத்தினார்: "நீ கம்முனு இருடா பரதேசி! ஏ சரசா, நானே சொல்றேன், அமுக்கு!"

பெடல் இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ம். புடிச்சிருக்கேன்."

அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டில் பேச்சு கேட்கும். அம்மா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சாமி ரூமுக்குள் போகிற மாதிரிதான் காரில் ஏறுவாள். "அமுக்கு." "புடிச்சிருக்கேன்." "விடு." நாலு சக்கரமும் முடிவதற்குள் வார்த்தை கொஞ்சம் கூடும். "காலு வலிக்குதா?" "வலிச்சா மட்டும் எறங்கிடவா?" வேலை முடிந்ததும் மறுபடி கம்பிதான். ஆனால் அன்றைக்கு மட்டும் அப்பா இரண்டாம் தரம் சோறு கேட்பார்.

அதைக் கெடுத்தவன் நான்.

பள்ளிக்கூட லீவில் ரோஜாத் தோட்டத்து "பாலி ஹவுஸ்" பிளாஸ்டிக் கொட்டகையில் பூக்கட்டு அடுக்கப் போவேன். அங்கே கையால் பம்ப் அடித்தால் மருந்தைத் தானே பீய்ச்சும் டப்பாவைப் பார்த்ததும், அதுவரை வேலையே செய்யாத என் மூளை திடீரென்று செய்தது. இதையே பிரேக் ஆயில் ஊற்றும் வாயில் மாட்டினால், அழுத்தத்தில் ஆயில் தானாகப் போய்க் காற்றைத் தள்ளிவிடுமே! முனை உடைந்து தூக்கிப்போட்ட டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாதென்று மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன்.

"என்னடா அது, எந்தத் தோட்டத்துக்கு மருந்து?" என்றாள் அம்மா.

"இது வந்தா இனிமே உனக்குக் காலு வலி இல்லம்மா."

அம்மா டப்பாவை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆயில் ஊற்றும் வாய்க்குப் பொருந்தும் பழைய மூடி ஒன்றில் ஓட்டை போட்டு, டப்பாவின் குழாயை இறுக்கி மாட்டி, பம்ப் அடித்துப் பார்த்த அப்பா, "பரவால்லடா, மண்டைக்குள்ள களிமண்ணு மட்டும் இல்ல" என்றார். என் ஆயுசில் நான் வாங்கிய ஒரே சர்டிபிகேட் அது.

அம்மா வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கார்க் கதவில் கை வைத்தாள். அப்பா பின் சக்கரத்தடியில் இருந்தார். யாரும் அமுக்காமலே குமிழி குமிழியாய் ஆயில், அடியில் வைத்த பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது. "உங்கொப்பன்கிட்ட கேளு, நான் வேணுமான்னு" என்றாள்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. "வேணாம்னு சொல்லு. இனிமே தேவையே இல்ல."

இரண்டும் இரண்டு பேர் காதிலும் விழுந்தவைதான். ஆனாலும் நான் கம்பியாயிற்றே, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்: "வேணாமாம்மா. இனிமே தேவையே இல்லையாம்." அப்பளத்துக்காக எத்தனையோ பொய் சொன்ன வாய், அன்றைக்குப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு உத்தனப்பள்ளி போனவள் திரும்பி வரவில்லை. பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். அப்பா ஒரு நாளும் ஏறவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த டப்பாவை எடுத்து, தனியாக ஏர் எடுப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

போன மாதம் அப்பா செத்துப்போனார். அம்மா வந்தாள். காரியமெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, நானும் அப்பாவும் பின்னால் மாறிய வீட்டு வாசலில் நின்ற காரிடம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து பெடலை அமுக்கினாள்.

"கல்லு மாதிரி இருக்குது" என்றாள். "யாருடா அமுக்குனது?"

"யாரும் இல்லம்மா. அந்த டப்பாதான்."

அம்மா காலை எடுக்கவில்லை. விடு என்று யாராவது சொல்லவேண்டும். இல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்ன எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

பழைய லைன் வீடுகளை எப்போதோ இடித்துவிட்டு, அங்கே லாரி நிறுத்துகிறார்கள். ரோஜாத் தோட்டம் இருந்த இடத்தில் ஒரு கம்பெனி ஓடுகிறது. போன வாரம் காரையும் காயலான் கடைக்காரர் கட்டி இழுத்துப் போனார். டப்பா மட்டும் என் ஒர்க்‌ஷாப் ஆணியில் தொங்குகிறது. இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.